மதியம் ஒன்றரை மணி வெடி: வாசகர் கேள்வி பதில்

குவாரி வெடி, சுரங்க வெடி, அதனால் வீட்டில் வரும் அதிர்வு பற்றியே கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கோதாவரிக் கரை நிலக்கரித் திறந்தவெளிச் சுரங்கங்களில் வெடிப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவன். பிறகு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் அதிர்வு அளக்கும் வேலை. என் அத்தை வீடும் அந்தப் பக்கம்தான். மதியம் ஒன்றேகாலுக்குச் சங்கு ஊதியதும் அத்தை அடுப்பிலிருக்கும் பால் பாத்திரத்தை இறக்கித் தரையில் வைத்துவிடுவார். ஒன்றரைக்கு வெடி முடிந்த பிறகுதான் மறுபடி ஏற்றுவார். வெடி வைத்தவனும் நான், அதிர்ந்த வீட்டில் சாப்பிட்டவனும் நான். அந்த இரண்டு பக்கத்திலிருந்தும் எழுதுகிறேன்.

கேள்வி: கல் குவாரியிலிருந்து எங்கள் வீடு 400 மீட்டர் இருக்கும். வெடி வைத்தால் ஜன்னல் கதவெல்லாம் தடதடவென்று ஆடுகிறது. ஆட்கள் வந்து அளந்துவிட்டு, "வினாடிக்கு 2 மில்லிமீட்டர்தான், அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது" என்கிறார்கள். எறும்புகூட அதைவிட வேகமாகப் போகுமே ஐயா! இதில் ஏதாவது ஏமாற்று இருக்கிறதா?
- வாசகி ஒருவர், கரூர் மாவட்டம்

பதில்: ஏமாற்று இல்லை, அம்மா. ஆனால் அந்த எண்ணைச் சொன்னவர், அது எதனுடைய வேகம் என்பதைச் சொல்லாமல் போய்விட்டார்.

குளத்தில் கல்லை எறிந்தால் அலை கரைவரைக்கும் ஓடும். நடுக்குளத்தில் மிதக்கும் அரச இலை கரைக்கு வராது. இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். கெட்டிப் பாறையில் வெடி அலை வினாடிக்கு 3, 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அது கடந்து போகும்போது உங்கள் வீட்டு அடிமண் அந்த இலை மாதிரி இருந்த இடத்தில் அசைகிறது. அந்த அசைவின் உச்ச வேகத்தைத்தான் வினாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்கிறோம். துகள் உச்ச வேகம் என்று பெயர். களத்தில் எல்லாரும் 'பிபிவி' என்பார்கள். எறும்பு ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும். மண்ணோ வினாடிக்குப் பத்துத் தடவை போய்ப் போய்த் திரும்புகிறது. அந்தக் கணக்கில் 2 மில்லிமீட்டர் வேகம் என்றால், மண் நகர்ந்த தூரம் ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு.

அவ்வளவு சின்ன அசைவுக்கா ஜன்னல் தடதடக்கிறது என்று கேட்பீர்கள். முதலில், நம் உடம்பு மிக நுட்பமானது. வினாடிக்கு அரை மில்லிமீட்டரையே அமைதியாகப் படுத்திருப்பவர் உணர்ந்துவிடுவார். சுவர் கீறல் விட அதைப்போலப் பல மடங்கு வேண்டும். அமெரிக்கச் சுரங்கப் பணியகம் வீடுகளில் கருவி பொருத்திப் பார்த்திருக்கிறது. கதவை ஓங்கிச் சாத்தினால் சுவர் படும் இழுப்பு, வினாடிக்கு 12 மில்லிமீட்டர் வெடி அதிர்வில் படும் இழுப்புக்குச் சமமாக இருந்தது. கதவைச் சாத்துவது நாம் என்பதால் நமக்குப் பயம் வருவதில்லை. யாரோ ஒருவர், எப்போது என்று சொல்லாமல் வீட்டை அசைத்தால் பயம் வரத்தான் செய்யும். அந்தப் பயத்தைப் பொய் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அப்புறம், உங்கள் ஜன்னலை ஆட்டுவது பெரும்பாலும் காற்றுதான் என்று நினைக்கிறேன். வெடி மண்ணில் ஓர் அலையையும் காற்றில் ஓர் அலையையும் கிளப்புகிறது. 400 மீட்டரை மண் அலை வினாடியில் பத்தில் ஒரு பங்கில் கடந்துவிடும். காற்று அலை வினாடிக்கு 340 மீட்டர்தான் போகும், அதனால் ஒரு வினாடிக்கும் சற்று மேலாகும். அடுத்த வெடியின்போது தரையில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் அடியில் ஒரு 'தம்', பிறகு ஒரு மூச்சு இடைவெளி, அதற்கப்புறம்தான் ஜன்னல் ஆடுகிறது என்றால் ஆட்டியது காற்று. அதற்கு மில்லிமீட்டர் கணக்கு உதவாது. அளந்த அறிக்கையில் டெசிபல் என்று இன்னொரு எண் இருக்கும், அதைக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் குடியிருப்புப் பக்கம் 100 வெடியில் 95 வெடி 115 டெசிபலுக்குள் இருக்க வேண்டும், எந்த வெடியும் 120-ஐத் தாண்டக் கூடாது என்று வழிகாட்டுதல் வைத்திருக்கிறார்கள்.

காற்று அலை கூடுவதற்குக் காரணம் பெரும்பாலும் குவாரியின் அவசரம். மருந்து நிரப்பிய துளையின் வாயை மண், கல்தூள் போட்டு இறுக்க வேண்டிய அளவுக்கு இறுக்காமல் விடுவது ஒன்று. பெரிய கல்லை உடைக்க அதன் தலையிலேயே மருந்தை வைத்து மேலே மண்ணை அப்பி வெடிப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது பழக்கம் உங்கள் ஊரில் இருந்தால் அதைத்தான் முதலில் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

கேள்வி: அனுமதித்த அளவு, அனுமதித்த அளவு என்கிறார்களே, அதை யார் வைத்தது? எங்கள் ஊரில் ஒருவர் 5 என்கிறார், இன்னொருவர் 15 என்கிறார்.
- வாசகர் ஒருவர், அரியலூர் மாவட்டம்

பதில்: இருவர் சொல்வதும் சரி. நடுவில் 10 என்று ஒன்றும் இருக்கிறது.

இந்தியாவில் இதற்கு அடிப்படை, சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997-இல் வெளியிட்ட 7-ஆம் எண் சுற்றறிக்கை. தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த அமைப்பை டி.ஜி.எம்.எஸ். என்றால்தான் பலருக்குத் தெரியும். சுரங்கக்காரருக்குச் சொந்தமில்லாத சாதாரண வீடுகளுக்கு அது மூன்று அளவு சொல்கிறது. அதிர்வெண், அதாவது மண் வினாடிக்கு எத்தனை தடவை அசைகிறது என்ற ஹெர்ட்ஸ் கணக்கு, 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் வினாடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 ஹெர்ட்ஸ் வரை 10, அதற்கு மேலே 15. கோயில் போன்ற பழமையான, நொய்மையான கட்டடங்களுக்கு இதே வரிசையில் 2, 5, 10. சுரங்க நிறுவனத்தின் சொந்தக் கட்டடங்களுக்கு அளவு தாராளம். அந்தப் பட்டியலை உங்களிடம் காட்டி ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிர்வெண் ஏன் குறுக்கே வருகிறது? தூளி ஆட்டிய அம்மாக்களிடம் கேட்டால் தெரியும். தூளிக்கென்று ஒரு தாளம் இருக்கிறது. அந்தத் தாளத்துக்கு ஒரு விரலால் தள்ளினாலும் அது நன்றாக வீசி ஆடும். தாளம் தப்பிப் படபடவென்று தட்டினால் எவ்வளவு தட்டினாலும் ஆடாது. ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகளின் தாளம் ஏறக்குறைய வினாடிக்கு 4 முதல் 12 தடவை. வெடி அலை அதே தாளத்தில் வந்தால் வீடு அதை வாங்கிப் பெருக்கிக்கொள்ளும்.

இது புரிய உலகத்துக்கே கொஞ்சம் காலம் பிடித்தது. அமெரிக்கச் சுரங்கப் பணியகம் 1971-இல் வினாடிக்கு 2 அங்குலம், அதாவது 50 மில்லிமீட்டர், வீடுகளுக்குப் பாதுகாப்பானது என்றது. அதே பணியகம் 1980-இல் மறுபடி ஆராய்ந்து, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது செல்லாது என்று திருத்திக்கொண்டது. புதுவகை வீடுகளுக்கு 19, பழைய சாந்துப் பூச்சு வீடுகளுக்கு 12.7 என்று இறக்கியது. அவர்கள் வீடுகள் மரச்சட்டத்தில் கட்டியவை. நம்மூரில் களிமண் சாந்தில் கட்டிய சுவரும் இருக்கிறது, அதனால் நம் எண்கள் இன்னும் இறுக்கமாக இருப்பது நியாயம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நம் பட்டியலின் உள்ளே இருப்பது தெரியும். 8 ஹெர்ட்ஸில் 5 மில்லிமீட்டர் வேகம் என்றால் மண் நகரும் தூரம் 0.1 மில்லிமீட்டர். 25 ஹெர்ட்ஸில் 15 என்றாலும் கிட்டத்தட்ட அதே 0.1. ஒரு தலைமுடியின் கனத்துக்கு மேல் வீட்டுக் கடைக்கால் நகரக் கூடாது என்பதுதான் அந்த எல்லைகளின் அர்த்தம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அறிக்கையில் வேகம் மட்டும் இருந்து அதிர்வெண் இல்லையென்றால் அதைப் பாதி அறிக்கை என்று திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: கருவியோடு வரும் நாளில் மட்டும் சின்னதாக வெடி வைக்கிறார்கள். மற்ற நாளில் ஊரே குலுங்குகிறது. இதை எப்படி நிரூபிப்பது?
- கிராம மக்கள் சார்பில் ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை ஒதுக்கலாம். அளக்கிற நாளில் அடக்கி வைப்பது நடக்கிறது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அதை என் கண்ணால் பார்த்தேன். வழக்கமாக இரண்டு வரிசை வெடிக்கிற இடத்தில் அன்று ஒரே வரிசை. என் கருவியில் அழகான எண் வந்தது, மேலாளர் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது. நீங்கள் கேளுங்கள்.

கேட்க வேண்டியது இது: "ஒரு தாமதத்துக்கு எத்தனை கிலோ?"

மொத்த மருந்து எவ்வளவு என்பது அதிர்வுக்குப் பெரிய விஷயம் இல்லை. 2000 கிலோ வெடித்தாலும் அதை 40 துளையாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சில மில்லிவினாடி இடைவெளியில் வெடித்தால் வீட்டுக்கு வருவது ஒவ்வொரு 50 கிலோவின் அதிர்வுதான். அந்த இடைவெளிக்குத்தான் தாமதம் என்று பெயர், குவாரியில் 'டிலே' என்பார்கள். 8 மில்லிவினாடிக்குள் வெடிப்பதையெல்லாம் ஒரே வெடியாக எண்ண வேண்டும் என்பது உலகம் முழுக்க நடப்பில் உள்ள வழக்கம். ஜாக்ஹேமரில் போட்ட ஒன்றரை மீட்டர்த் துளை அரைக் கிலோ அளவுதான் மருந்து கொள்ளும். 115 மில்லிமீட்டர் விட்டத்தில் பத்து மீட்டர் ஆழம் போட்டால் 50, 60 கிலோ. நிலக்கரிச் சுரங்கத்தின் 250 மில்லிமீட்டர்த் துளை ஒன்றே 400 கிலோ வாங்கிவிடும். ஆகவே அளந்த அன்று எந்த விட்டத்துத் துளை, ஒரு தாமதத்துக்கு எத்தனை துளை, வீட்டுக்கு எத்தனை மீட்டர் என்ற மூன்றும் அறிக்கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் பதிவேடு எழுத வேண்டியது அவர்கள் கடமை. மற்ற நாட்களின் பதிவேட்டோடு அளந்த நாளை ஒப்பிட்டால் அடக்கி வைத்தது தானாகத் தெரிந்துவிடும். தகவல் உரிமைச் சட்டத்தில் அறிக்கையைக் கேட்கும்போது இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கருவியை எங்கே, எப்படி வைக்கிறார்கள் என்பதையும் நீங்கள் நின்று பார்க்க வேண்டும். ஜியோபோன் என்பது ஒரு கையளவு உருளை. உள்ளே மூன்று திசைக்கு மூன்று உணரிகள்: வெடியை நோக்கி ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று, மேலும் கீழுமாக ஒன்று. அதன் மேலுள்ள அம்புக்குறி வெடியைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வெளியே, வெடி இருக்கும் பக்கத்துச் சுவரையொட்டி, 3 மீட்டருக்குள், இறுகிய மண்ணில் இருக்க வேண்டும். ஆணியை அழுத்திக் குத்தி, மேலே மணல் மூட்டை வைக்கலாம். புதைத்து மண்ணை மிதித்து இறுக்கினால் இன்னும் நல்லது. பாறையோ சிமெண்டுத் தரையோ என்றால் ஜிப்சம் குழைத்து ஒட்ட வேண்டும்.

இதில் பிசகினால் எண் இரண்டு பக்கமும் பொய் சொல்லும். வேலைக்கு வந்த புதிதில் ஒரு திண்ணையில், சரியாகப் பதியாத கடப்பைக் கல்லின் மேல் கருவியை வைத்தேன். மண்ணில் புதைத்திருந்த இன்னொரு கருவி காட்டியதைப்போல மூன்று மடங்கு காட்டியது. கல்தான் கடகடவென்று ஆடியிருந்தது. அது ஊருக்குச் சாதகமான பொய். உழுத பொலபொல மண்ணிலோ வீட்டுக்கும் வெடிக்கும் நடுவே பள்ளம் இருக்கும் இடத்திலோ வைத்தால் எண் எந்தப் பக்கம் போகும் என்றே சொல்ல முடியாது. ஊர்க்காரர் ஒருவரும் குவாரிக்காரர் ஒருவரும் சேர்ந்து நின்று, வைத்த இடத்தைப் படம் எடுத்துக்கொள்வதுதான் நான் பிற்பாடு கடைப்பிடித்த முறை. ஒரு நாள் அளந்தால் போதாது. பத்துப் பதினைந்து வெடியாவது தொடர்ந்து அளக்கச் சொல்லுங்கள். கருவி தானாகவே விழித்துக்கொண்டு பதிவு செய்யும், ஆள் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் போர் கிணறு வற்றிவிட்டது. வெடி அதிர்வால்தானே?
- வாசகர் ஒருவர், நாமக்கல் மாவட்டம்

பதில்: வீட்டுக்கு அனுமதித்த அளவிலான அதிர்வு, பாறையில் போட்ட போரை வற்ற வைக்காது. பள்ளத்தைப் பாருங்கள். குவாரி உங்கள் போரின் நீர்மட்டத்துக்கும் கீழே இறங்கி, அங்கிருந்து இரவு பகலாகத் தண்ணீரை இறைத்து வெளியே விட்டால் சுற்றுப்பக்கக் கிணறுகள் இறங்கத்தான் செய்யும். எத்தனை மீட்டர் ஆழம், எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுகிறது என்று எழுதி வைத்து அதைக் காரணமாகக் காட்டி மனுக் கொடுங்கள். அதிர்வு என்று எழுதினால் அளந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார்கள்.

கேள்வி: சார், நான் மைனிங் இன்ஜினியரிங் இறுதியாண்டு. வெடிப்பதற்கு முன்பே அதிர்வைக் கணிப்பதுதான் என் புராஜெக்ட். நியூரல் நெட்வொர்க் வைத்துச் செய்யலாமா? பழைய சூத்திரம் போதும் என்கிறார் என் வழிகாட்டி.
- மாணவர் ஒருவர், சென்னை

பதில்: தம்பி, முதலில் பழையதைக் கையால் போட்டுப் பழகு. பிறகு உன் நெட்வொர்க் சொல்வது சரியா என்று உனக்கே தெரியும்.

மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நியூரல் நெட்வொர்க் என்பது பழைய அளவீடுகளைக் காட்டிக் கற்பித்தால் தானே கணிக்கும் கணினி முறை. பழைய சூத்திரம் வேறு. தூரம் கூடினால் அதிர்வு குறையும், மருந்து கூடினால் அதிர்வு கூடும். இந்த இரண்டையும் ஒரே எண்ணாக்கினார்கள், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்து ஆட்கள். மீட்டரில் தூரத்தை எடுத்து, ஒரு தாமதத்து மருந்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். வருவது அளவிட்ட தூரம், 'ஸ்கேல்டு டிஸ்டன்ஸ்' என்பார்கள், டேப் வைத்து அளந்த தூரம் இல்லை. வீட்டுக்கு 300 மீட்டர், தாமதத்துக்கு 100 கிலோ என்றால், நூறின் வர்க்கமூலம் பத்து, ஆக அளவிட்ட தூரம் 30. இனி இடத்துக்கு இடம் மாறும் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று பெருக்கும் எண், இன்னொன்று தூரத்தோடு அதிர்வு எவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்று சொல்லும் அடுக்கு. சொந்த அளவீடு இல்லாதபோது சராசரிப் பாறைக்கு 1140, 1.6 என்று ஆஸ்திரேலியத் தரநிலை தருகிறது. 30-ஐ 1.6 அடுக்குக்கு உயர்த்தினால் 231 வருகிறது. 1140-ஐ அதால் வகுத்தால் வினாடிக்கு 4.9 மில்லிமீட்டர்.

இப்போது விளையாடிப் பார். மருந்தைப் பாதியாக்கி 50 கிலோ போட்டால் 2.8-தான் வரும். 200 கிலோவாக்கினால் 8.6. மருந்தை 100 கிலோவிலேயே விட்டுத் தூரத்தை 600 ஆக்கினால் 1.6-க்கு இறங்கிவிடும். மருந்தைப் பாதியாக்குவதைவிடத் தூரத்தை இரட்டிப்பாக்குவது அதிகம் குறைக்கிறது. வீட்டுப் பக்கத்துப் பெஞ்சை, அதாவது படிப்படியாக வெட்டும் பாறைப் படியை, கடைசியில் தொடு, முதலில் எதிர்ப்பக்கத்தை வெட்டு என்று எங்கள் பெரியவர்கள் சொன்னது இந்தக் கணக்கால்தான்.

ஆனால் 1140-ஐ அப்படியே உன் புராஜெக்டில் போட்டுவிடாதே. அந்தந்தச் சுரங்கத்தில் இருபது முப்பது அளவீடு எடுத்து, இரண்டு பக்கமும் மடக்கை அளவு போட்ட தாளில் புள்ளி வைத்து, கோடு இழுத்துத்தான் அந்த இரண்டு எண்ணையும் கண்டுபிடிக்க வேண்டும். தன்பாத்தின் சிம்ஃபர் என்ற மத்திய சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனத்தினரும் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தினரும் சுரங்கங்களுக்குப் போனால் முதலில் இதைத்தான் செய்வார்கள். நான் இருந்த சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒரே கோடு எங்களுக்கு உதவவில்லை. ஒரு பக்கம் கல் மேலே தெரியும். இன்னொரு பக்கம் கல்லுக்கு மேல் கனமான களிமண். களிமண் பக்கம் அதிர்வெண் இறங்கிவிடும், அதிர்வும் சீக்கிரம் தேயாது. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கோடு இழுத்த பிறகுதான் என் கணிப்புகள் நின்றன.

இன்னொரு விஷயம், இதைப் பல அறிக்கைகளில் மறைத்துவிடுகிறார்கள். அந்தக் கோடு புள்ளிகளுக்கு நடுவே போகிறது. ஏறக்குறையப் பாதி வெடிகள் அதற்கு மேலே இருக்கும். கோட்டில் 5 வருகிறது, எல்லையும் 5, ஆகவே சரி என்று எழுதினால் இரண்டு வெடிக்கு ஒன்று எல்லையைத் தாண்டும் என்று எழுதுவதாக அர்த்தம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வெடி அடங்கும்படி மேலே இன்னொரு கோடு இழுத்து, அனுமதிக்கும் மருந்தை அதிலிருந்து எடு. அளந்த தூரங்களுக்கு வெளியே அந்தக் கோட்டை நீட்டவும் கூடாது. 500 மீட்டருக்கு அப்பால் மட்டும் அளந்துவிட்டு 100 மீட்டரில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கணிப்புச் சொல்வது பெரிய தப்பு.

நியூரல் நெட்வொர்க்குக்கு வருகிறேன். அந்த முறையில் பர்டன் (துளைக்கு முன்னே உள்ள பாறைக் கனம்), ஸ்பேசிங் (துளைகளுக்கு இடையே உள்ள தூரம்), பாறைத் தன்மை என்று பத்து விஷயத்தை ஒன்றாகக் கொடுக்கலாம். பழைய சூத்திரத்துக்கு அந்த வசதி இல்லை. ஆனால் நாற்பது அளவீட்டை வைத்துக்கொண்டு அதற்கு இருபது விஷயத்தைக் கொடுத்தால் அது மனப்பாடம் செய்துவிடும். பரீட்சைக்குப் புதுக் கேள்வி வந்தால் விழிக்கும். கற்பித்த வெடிகளை வைத்தே சோதித்துவிட்டு நல்ல பொருத்தம் என்று எழுதாதே. அடுத்த மாதத்து வெடிகளை முன்கூட்டியே கணித்து, அளந்து, ஒப்பிட்டுக் காட்டு.

நான் உன் இடத்தில் இருந்தால் ஒற்றைத் துளை முறையை எடுப்பேன். சுரங்கத்தில் ஒரே ஒரு துளையை வெடித்து, அதன் அலை வடிவத்தை அந்த வீட்டருகே பதிந்துகொள்வது. பிறகு அதே அலையைக் கணினியில் துளைக்கு ஒன்றாக, தாமதம் தள்ளித் தள்ளி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பது. 17 மில்லிவினாடி வைத்தால் மேடுகள் ஒன்றுசேர்கின்றனவா, 25 வைத்தால் மேடும் பள்ளமும் அடித்துக்கொள்கின்றனவா என்று வெடிக்கும் முன்பே தெரிந்துவிடும். வீட்டின் தாளத்துக்கு விலகிய அதிர்வெண்ணையும் தேர்ந்தெடுக்கலாம். இதற்கு எலெக்ட்ரானிக் டெட்டனேட்டர், அதாவது மருந்தை வெடிக்க வைக்கும் மின்னணுக் குப்பி, வேண்டும். பழைய வகையில் தாமதத்தைத் தருவது உள்ளே எரியும் மருந்து. 250 மில்லிவினாடி என்று எழுதியிருப்பது 3 சதவீதம் பிசகினாலே ஏழெட்டு மில்லிவினாடி போய்விடும். காகிதத்தில் தனித்தனியாக இருக்கும் இரண்டு துளைகள் தரையில் ஒன்றாக வெடித்துவிடும். ஒரே மாதிரி வைத்த இரண்டு வெடிகள் ஏன் இரண்டு எண் தருகின்றன என்று இளம் வயதில் மண்டையைக் குடைந்திருக்கிறேன். பாதிக் காரணம் இதுதான்.

கேள்வி: செல்போனில் அதிர்வு அளக்கும் ஆப் இருக்கிறதே, அது செல்லுமா?
- வாசகர் ஒருவர், மதுரை

பதில்: செல்லாது. போனில் இருப்பது முடுக்கத்தை அளக்கும் சில்லு. மேஜை மேல் சும்மா கிடக்கும் போன், மேஜையின் ஆட்டத்தையும் தன் ஆட்டத்தையும் சேர்த்துக் காட்டும். அந்த எண்ணை எந்த அதிகாரியும் ஏற்க மாட்டார். ஆனால் போனை வீடியோவுக்குப் பயன்படுத்துங்கள். தேதி, நேரத்தோடு ஒரு மாதம் வெடிகளைப் பதிந்தால், அறிக்கையில் இல்லாத வெடி எத்தனை என்று அதிலிருந்தே எடுத்துக் காட்டலாம்.

கேள்வி: வீட்டில் லிண்டல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. வெடியால் வந்ததா, வேறு காரணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகி ஒருவர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: விரிசலை மட்டும் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். ஜன்னல், கதவு மூலைகள் சுவரின் பலவீனமான இடங்கள். எந்தக் காரணத்தால் சுவர் இழுபட்டாலும் அங்கேதான் முதலில் பிளக்கும். உங்கள் மாவட்டத்தில் கரிசல் மண் அதிகம். அது மழைக்கு உப்பிக் கோடைக்குச் சுருங்கும். கடைக்கால் ஆழமில்லாத வீடு அதோடு சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். குவாரியே இல்லாத கரிசல் ஊர்களிலும் இதே சாய்வு விரிசலைப் பார்க்கலாம்.

அப்படியானால் வெடிக்குச் சம்பந்தமில்லை என்று முடித்துவிடலாமா? கூடாது. ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் சுவருக்கு அதிர்வு கடைசித் தட்டாக அமையலாம். செய்ய வேண்டியது இது. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் பசையால் ஒட்டுங்கள். வெடித்த அன்றே கண்ணாடி உடைந்தால் ஒரு கதை, முதல் மழைக்கு உடைந்தால் வேறு கதை. புதிதாகக் குவாரி வரப்போகிறது என்றால் முதல் வெடிக்கு முன்பே வீடு வீடாகப் படம் எடுத்து, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு வைத்துவிட வேண்டும். என் அத்தை வீட்டில் நான் இதைச் செய்தபோது பதினொரு விரிசல் ஏற்கெனவே இருந்தது. பிற்பாடு பன்னிரண்டாவது வந்தது. அதைப் புதிது என்று யாராலும் மறுக்க முடியவில்லை. பூச்சு வேலைக்கு ஆள் அனுப்பினார்கள்.

கேள்வி: சின்னக் குவாரி வைத்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் புகார் சொன்னதால் துளைக்கு மருந்தைக் கால்வாசி குறைத்தேன். அதிர்வு குறையவில்லை, கூடியிருக்கிறது. அளந்த அறிக்கையே அப்படித்தான் சொல்கிறது. எங்கே தப்பு, ஐயா?
- குவாரி நடத்துபவர் ஒருவர், சேலம் மாவட்டம்

பதில்: அளந்து பார்த்ததற்கு முதலில் நன்றி. தப்பு உங்கள் நோக்கத்தில் இல்லை.

துளைக்கும் பாறையின் திறந்த பக்கமான வெளிமுகத்துக்கும் நடுவே உள்ள பாறைக் கனத்தை, அதாவது பர்டனை, பழையபடியே வைத்துக்கொண்டு மருந்தை மட்டும் குறைத்திருப்பீர்கள். மருந்துக்குப் பாறையைத் தள்ளி வெளியே போடத் தெம்பில்லை. தள்ள முடியாத சக்தி பின்பக்கம் மண்ணுக்குள் இறங்கி அதிர்வாகப் போய்விடுகிறது. கல் குறைவாக உடைந்து அதிர்வு கூடுவது இதனால்தான். முகத்தின் அடியில் பழைய வெடியின் கல் அள்ளாமல் கிடந்தாலும் இதேதான் நடக்கும்.

மருந்தைக் குறைத்தால் துளைகளையும் முகத்துக்கு நெருக்கிக் கொண்டு வாருங்கள். விட்டம் சின்னதாக, துளைகள் அதிகமாக. ஒரே துளையில் மருந்தை இரண்டாகப் பிரித்து, நடுவே கல்தூள் அடைத்து, இரண்டுக்கும் வேறு வேறு தாமதம் கொடுத்தால் ஒரு தாமதத்து எடை பாதியாகிவிடும். முதல் துளை ஊருக்குப் பக்கத்து முனையில் வெடித்து, வெடி ஊரைவிட்டு விலகி ஓடும்படி வரிசை போடுங்கள். பின்வரிசைக்கு நேரம் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், முன்வரிசைக் கல் நகர்ந்து இடம்விட வேண்டும் அல்லவா. வெடி நேரம் நடுப்பகலாகவே இருக்கட்டும். அதிகாலைக் குளிரிலும் மூடிய மேகத்திலும் சத்தம் மேலே போகாமல் வளைந்து ஊருக்குள் இறங்கும். ஒன்றரை மணி என்று பலகையில் எழுதினால் ஒன்றரைக்கே வெடியுங்கள். அடுப்பிலிருந்து பாலை இறக்கி வைத்துவிட்டு யாரோ ஒருவர் காத்துக்கொண்டிருப்பார்.

முகத்தைச் சுத்தமாக அள்ளிவிட்டு, பர்டனைக் குறைத்து, அதே வீட்டருகே அதே இடத்தில் கருவியைப் புதைத்து, அடுத்த மூன்று வெடிகளை அளந்து பாருங்கள். பழைய அறிக்கையையும் புதியதையும் சேர்த்து அனுப்பினால் துளை வரிசையோடு வைத்துப் பார்த்து எழுதுகிறேன்.